சிப்பியில் நஞ்சு ஏறும் காலம்: நீர் மாதிரி எடுப்பது முதல் அறுவடைத் தடை நீக்குவது வரை

கடல் சிவந்தால் அஞ்சுவதும் தெளிந்திருந்தால் துணிவதும் கரையோர வழக்கம். சிப்பி விஷயத்தில் இரண்டுமே ஏமாற்றும். நீரைச் செந்நிறமாக்கி இரவில் ஒளிரும் நாக்டிலூக்கா என்ற நுண்ணுயிர் பெருகினால் அம்மோனியாவாலும் ஆக்சிஜன் குறைவாலும் மீன்கள் சாகலாம். சிப்பி வழியாக மனிதரைத் தாக்கும் நஞ்சுகளுக்கும் அதற்கும் தொடர்பில்லை. டைனோஃபைசிஸ் என்ற நுண்பாசியோ லிட்டருக்குச் சில நூறு செல்கள் இருந்தாலே போதும். நீர் பளிங்குபோல் இருக்கும்போதே அதில் வளரும் மஸ்ஸல் என்ற சிப்பி உண்ணத் தகாததாகிவிடும்.

சிப்பி வளர்ப்போர், அறுப்போர், கொள்முதல் செய்வோர், சிறு ஆய்வகம் நடத்துவோர் ஆகியோருக்காக இது எழுதப்பட்டது. கடைசிப் பகுதி சிப்பி உண்ணும் எல்லோருக்கும் உரியது. எல்லாப் படிகளுக்கும் அடியில் ஒரே விதிதான்: நீரில் செய்யும் எண்ணிக்கை எச்சரிக்கை மட்டுமே, சதையில் செய்யும் சோதனையே தீர்ப்பு. ஒன்றை இன்னொன்றாக எடுத்துக்கொள்ளும் இடத்தில்தான் பெரும்பாலான தவறுகள் பிறக்கின்றன.

எந்தப் பாசி, எந்த நஞ்சு, எவ்வளவு வரை

மிகக் கொடியது சாக்ஸிடாக்ஸின் குடும்பம். அலெக்ஸாண்ட்ரியம் இனங்கள், ஜிம்னோடினியம் கேட்டனேட்டம், வெப்பக் கடல்களில் பைரோடினியம் பஹாமென்ஸ் ஆகியவை இதைச் சுரக்கின்றன. நரம்புகளின் சோடியம் வாயில்களை இது அடைத்துவிடுவதால் தசைகள் செயலிழந்து மூச்சு நிற்கும். கிலோ சதைக்கு 800 மைக்ரோகிராம் வரை என்பது வரம்பு.

டைனோஃபைசிஸ் தருவது ஒகடாயிக் அமிலமும் அதன் உறவு நஞ்சுகளும். விளைவு கடும் வயிற்றுப்போக்கு. வரம்பு கிலோவுக்கு 160 மைக்ரோகிராம். அசாடினியம் என்ற மிகச் சிறிய பாசியின் அசாஸ்பிராசிட் நஞ்சுக்கும் அதே 160தான். 1995-இல் நெதர்லாந்தில் அயர்லாந்து மஸ்ஸல் உண்டவர்களுக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது, அறிகுறிகள் ஒகடாயிக் நஞ்சைப் போலவே இருந்தும் அந்த நஞ்சின் அளவு குறைவாக இருந்தது. அந்தக் குழப்பத்தைத் துருவிப் போனதில்தான் அசாஸ்பிராசிட் பிடிபட்டது.

சூடோ-நிட்சியா என்ற ஊசி வடிவ டயட்டம் (கண்ணாடி போன்ற ஓடுள்ள நுண்பாசி) டோமோயிக் அமிலத்தைச் சுரக்கிறது. கிலோவுக்கு 20 மில்லிகிராம் வரம்பு. அலகைக் கவனியுங்கள்: இது மில்லிகிராம், மற்றவை மைக்ரோகிராம். அறிக்கையை அவசரமாகப் படிப்பவர் இங்கே ஆயிரம் மடங்கு பிசகிவிடலாம். 1987-இல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவு மஸ்ஸலால் நூற்றுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். முதியவர்கள் மூவர் இறந்தனர், பலருக்கு நினைவாற்றல் நிரந்தரமாகக் கெட்டது. அதுவரை எந்த டயட்டமும் சிப்பி நஞ்சுக்குக் காரணமாகச் சந்தேகிக்கப்பட்டதில்லை.

ஐந்தாவது, கரேனியா பிரெவிஸ் தரும் பிரெவிடாக்ஸின். மெக்சிகோ வளைகுடாவில் இது அடிக்கடி வரும். அலை உடையும்போது காற்றில் கலந்து, சிப்பி உண்ணாதவரையும் இருமவைக்கும்.

இந்த வரம்புகள் உணவுத் தரத்துக்கான பன்னாட்டு அமைப்பான கோடெக்ஸின் சிப்பித் தர ஆவணத்திலும் பல நாட்டுச் சட்டங்களிலும் உள்ளவை. ஆனால் வரம்புக்குக் கீழே இருப்பதெல்லாம் கவலையற்றது என்று எண்ண வேண்டாம். 60 கிலோ எடையுள்ளவர் 800 மைக்ரோகிராம் அளவுள்ள சிப்பியை ஒரே வேளையில் 400 கிராம் உண்டால் 320 மைக்ரோகிராம் உள்ளே போகும். அதாவது உடல் எடையில் கிலோவுக்கு 5.3 மைக்ரோகிராம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒருவேளைக்குப் பாதுகாப்பானதென்று 2009-இல் கணித்த அளவு கிலோவுக்கு 0.5 மட்டுமே. ஆகவே 700 என்று வரும் முடிவைத் தேர்ச்சி பெற்ற மதிப்பெண்ணாக யாரும் வாசிக்கக்கூடாது.

எந்தச் சிப்பி எவ்வளவு நாள் பிடித்துவைக்கும்

இதை அறியாமல் மாதிரித் திட்டம் போட முடியாது. மஸ்ஸல் நிறைய நீரை வடிகட்டுவதால் நஞ்சு வேகமாக ஏறும், வேகமாகவும் இறங்கும். அலெக்ஸாண்ட்ரியம் பெருக்கத்தில் சில நாட்களிலேயே வரம்பைத் தாண்டிவிடும். அதனால்தான் மஸ்ஸலைக் காவல் உயிரியாகத் தொங்கவிடுகிறார்கள். டோமோயிக் அமிலத்தை மஸ்ஸல் சில நாட்களில் கழித்துவிடும். ஒகடாயிக் நஞ்சு வெளியேற வாரங்கள் ஆகலாம்.

மற்றவை அப்படியல்ல. வட அமெரிக்க மேற்குக் கரையின் பட்டர் கிளாம் என்ற மட்டி சாக்ஸிடாக்ஸினை இரண்டு ஆண்டுகள் வரை வைத்திருக்கக்கூடியது. அதே கரையின் ரேஸர் கிளாம் என்ற மட்டி டோமோயிக் அமிலத்தை ஓராண்டுக்கும் மேல் விடாது. விசிறிச் சிப்பியில் ஓட்டை மூடும் வெள்ளைத் தசை பொதுவாகச் சுத்தமாகவும், கருநிறச் செரிமானச் சுரப்பி நஞ்சு நிறைந்தும் இருக்கும். எனவே மஸ்ஸல் சுத்தமாகிவிட்டது என்ற முடிவை வைத்து அதே விரிகுடாவின் மற்றச் சிப்பிகளைத் திறந்துவிடுவது பெரும் தவறு. சிப்பியைத் தின்னும் சங்கு வகைகளும் நண்டின் குடல்பகுதியும் இதே கணக்கில் சேரும். 2015-இல் அமெரிக்க மேற்குக் கரையில் சூடோ-நிட்சியா பெருகியபோது டங்கனஸ் நண்டுப் பிடிப்பே தள்ளிப்போனது.

படி 1: இடமும் ஆழமும்

அறுவடைப் பகுதியில் நீரோட்டம் முதலில் வந்து சேரும் முனையில் ஒரு நிலையம், உள்ளே தேங்கும் பகுதியில் ஒன்று என்று குறைந்தது இரண்டு வேண்டும். பல நச்சுப் பாசிகள் விரிகுடாவுக்குள் பிறப்பதில்லை. வெளிக்கடலில் வளர்ந்து, காற்று மாறி மேல்நீர் கரையை நோக்கித் தள்ளப்படும்போது ஓரிரு நாளில் உள்ளே வந்துவிடும். காற்றுத் திசை மாறிய மறுநாளை, அட்டவணையில் இல்லாவிட்டாலும், மாதிரி நாளாக வைத்துக்கொள்ளுங்கள்.

காவல் மஸ்ஸல்களை வலைப்பைகளில் போட்டு மேல்மட்டம், நடுமட்டம், அடிமட்டம் என மூன்று ஆழங்களில் கட்டுங்கள். நீருக்குள் ஒரு மீட்டருக்கும் குறைவான தடிமனில் மெல்லிய அடுக்காகப் பாசி கூடி நிற்பது உண்டு. அந்த அடுக்கு ஐந்து மீட்டரில் இருந்தால், மேலே எடுத்த சிப்பி சுத்தம் என்றும் அதே கயிற்றின் நடுவில் எடுத்தது வரம்பு மீறியது என்றும் முடிவு வரும். ஆய்வகம் தவறு செய்ததாகச் சண்டை பிடிக்குமுன் ஆழத்தைச் சரிபார்ப்பது நல்லது.

படி 2: நீர் மாதிரி

வாளியால் மேல்நீரை மொண்டெடுப்பது எளிது, ஆனால் போதாது. 10 மீட்டர் நீளமும் சுமார் 2 சென்டிமீட்டர் உள்விட்டமும் கொண்ட நெகிழ்குழாயின் ஒரு முனையில் எடையும் கயிறும் கட்டுங்கள். மேல்முனையைத் திறந்துவைத்தபடி மெதுவாக, செங்குத்தாக இறக்குங்கள்; வேகமாக இறக்கினால் மேல்நீரே குழாயை நிரப்பும். முழுதும் இறங்கியதும் மேல்முனையை இறுக மூடி, கீழ்முனையைக் கயிற்றால் மேலே இழுங்கள். இப்போது மேலிருந்து கீழ்வரை உள்ள நீர் முழுவதும் குழாயில் இருக்கிறது. சுத்தமான வாளியில் ஊற்றி, மெதுவாகக் கலக்கி, 500 மில்லிலிட்டரைக் கண்ணாடிப் புட்டியில் எடுங்கள்.

உடனே லூகால் அயோடின் கரைசல் சேர்க்க வேண்டும். 200 மில்லிலிட்டர் காய்ச்சிவடித்த நீரில் 20 கிராம் பொட்டாசியம் அயோடைடு, 10 கிராம் அயோடின், 20 மில்லிலிட்டர் அடர் அசிட்டிக் அமிலம். அயோடைடு முழுதும் கரைந்த பின்பே அயோடினைப் போடுங்கள். வெறும் நீரில் அயோடின் கரையாது. மாதிரிக்கு 200 மில்லிலிட்டருக்கு ஒரு மில்லிலிட்டர் வீதம், நீர் இளம் தேநீர் நிறம் ஆகும்வரை சேர்க்கலாம். கடுந்தேநீர் நிறத்துக்குப் போனால் செல்கள் கறுத்து, அவற்றை மூடிய தகடுகளின் அமைப்பு தெரியாமல் போகும். வெளிறிப்போன மாதிரி கெட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். இன்னும் சில சொட்டு விடுங்கள். பிளாஸ்டிக் புட்டி அயோடினை உறிஞ்சிவிடும், வெளிச்சமும் அதைக் குலைக்கும். அதனால்தான் கண்ணாடியும் இருட்டும்.

கூடவே 20 மைக்ரான் வலையால் செங்குத்தாக ஒருமுறை இழுத்து, அயோடின் சேர்க்காமல் குளிர்ச்சியாகக் கொண்டுவாருங்கள். உயிருடன் நீந்தும் விதமும் சங்கிலி அமைப்பும் இனத்தைக் கண்டுகொள்ள உதவும். வலை மாதிரியில் எண்ணிக்கை செய்யவே கூடாது. எவ்வளவு நீர் வடிந்ததென்று தெரியாது. நீர் வெப்பம், உவர்ப்பு, நேரம், ஓதநிலை, காற்று ஆகிய ஐந்தையும் அங்கேயே குறித்துவிடுங்கள்.

படி 3: எண்ணுதல்

உட்டர்மோல் முறையில், புட்டியைப் பலமுறை மெதுவாகத் தலைகீழாக்கிக் கலக்கி, படிவுக் கலத்தில் ஊற்றி, செல்கள் அடியில் தங்கவிட்டு, தலைகீழ் நுண்ணோக்கியில் அடித்தளம் முழுவதையும் பார்க்கிறோம். 50 மில்லிலிட்டர் கலத்துக்கு ஒரு நாள் முழுவதும் அசையாமல் விடுங்கள். குளிர்ந்த மாதிரியை ஊற்றினால் சுவரில் குமிழ்கள் ஒட்டும், படிவு ஒருபக்கமாகத் திரளும். மாதிரியும் கலமும் அறை வெப்பத்துக்கு வந்தபிறகே ஊற்றுங்கள்.

கலத்தின் கொள்ளளவைத் தேர்வதில்தான் கவனம் வேண்டும். 10 மில்லிலிட்டரில் காணும் ஒரு செல் லிட்டருக்கு 100 ஆகும், 25-இல் 40, 50-இல் 20. டைனோஃபைசிஸுக்கு லிட்டருக்கு 100 செல்கள் என்பதே பல கண்காணிப்புத் திட்டங்களில் எச்சரிக்கை அளவு. நீரில் சரியாக 100 இருக்கிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். 10 மில்லிலிட்டரில் சராசரியாக ஒரு செல்தான் விழும். ஒன்றுகூட விழாமல் போகும் வாய்ப்பு ஏறத்தாழ 37 விழுக்காடு. மூன்று முறைக்கு ஒருமுறையாவது பூச்சியம் என்று எழுதுவீர்கள். 50 மில்லிலிட்டரில் அந்த வாய்ப்பு ஒரு விழுக்காட்டுக்கும் கீழ். நேரம் மிச்சம் பிடிக்க வேண்டுமானால் வேறெங்காவது பிடியுங்கள், இங்கே வேண்டாம்.

அலெக்ஸாண்ட்ரியத்துக்கு வாசல் எண் எதையும் நம்பாமல், ஒரு செல் கண்டாலே சதை மாதிரி எடுப்பது நல்லது. தகடுகளைத் தெளிவாகக் காண கால்கோஃப்ளூர் சாயமும் ஒளிர்வு நுண்ணோக்கியும் உதவும். சூடோ-நிட்சியா பல்லாயிரக் கணக்கில் வந்தால்தான் பொருட்படுத்தப்படும். லிட்டருக்கு 50,000 என்பது பல இடங்களில் கொள்ளும் எண். இவை முனைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சங்கிலியாக இருக்கும். சங்கிலியை ஒன்றாக எண்ணாமல் ஒவ்வொரு செல்லாக எண்ணுங்கள். 3 மைக்ரானைவிட அகலமானவை ஒரு குழு, மெலிந்தவை இன்னொரு குழு என்று மட்டுமே சாதாரண நுண்ணோக்கியில் பிரிக்க முடியும். இனம் சொல்ல மின்னணு நுண்ணோக்கியோ மரபணுச் சோதனையோ வேண்டும். எல்லா இனமும் நஞ்சு சுரப்பதில்லை. சுரக்கும் இனமும் எப்போதும் சுரப்பதில்லை. நீர் எண்ணிக்கை எச்சரிக்கை மட்டுமே என்று முதலில் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

செயற்கைக்கோள் படத்தை நம்பி இந்தப் படியைத் தவிர்க்க நினைப்பவர்கள் உண்டு. பச்சையம் செறிந்த பெரும் பெருக்கம் அதில் தெரியும். லிட்டருக்குச் சில நூறு டைனோஃபைசிஸ் தெரியாது.

படி 4: சதை மாதிரி

அறுவடைக் காலத்தில் வாரம் ஒருமுறை. எச்சரிக்கை எண் வந்துவிட்டால் இன்னும் அடிக்கடி. வெவ்வேறு கயிறு, வெவ்வேறு ஆழம் எனப் பரவலாக எடுங்கள். 100 முதல் 150 கிராம் சதை சேரவேண்டும். எடை சேர்ந்துவிட்டாலும் பத்துப் பன்னிரண்டுக்குக் குறையாத சிப்பிகள் இருக்கட்டும். ஒரே இடத்துச் சிப்பிகளுக்குள்ளேயே நஞ்சளவு வெகுவாக வேறுபடும்.

வெளி ஓட்டை நல்ல நீரில் கழுவி, பச்சையாகவே மூடுதசையை அறுத்துத் திறந்து, மணலைக் கழுவி, சதையைக் கிழிக்காமல் முழுதாக எடுங்கள். ஓடு எளிதில் திறக்கட்டும் என்று சூடுகாட்டக்கூடாது. நஞ்சில் ஒரு பகுதி சாற்றோடு போய்விடும். சல்லடையில் ஐந்து நிமிடம் வடியவிட்டு, ஓட்டுத் துண்டுகளை நீக்கி, முழுவதையும் ஒருசீராக அரையுங்கள். உறைந்து வந்த சிப்பியானால் உருகிய நீரையும் சேர்த்தே அரைக்க வேண்டும். அன்றே ஆய்வுக்குப் போகாவிட்டால் அரைத்த விழுதை மைனஸ் 20 பாகையில் வையுங்கள்.

படி 5: ஆய்வகத்தில்

சாக்ஸிடாக்ஸினுக்கான பழைய எலிச்சோதனையில் 100 கிராம் விழுதோடு 100 மில்லிலிட்டர் 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்து ஐந்து நிமிடம் மெல்லக் கொதிக்கவைப்பார்கள். அமிலத்தன்மை பிஎச் 2-க்கும் 4-க்கும் இடையில் நிற்கவேண்டும். சரிசெய்யக் காரம் விடுகையில் சொட்டுச் சொட்டாக, கலக்கிக்கொண்டே விடுங்கள். காரம் ஓரிடத்தில் தேங்கினால் அங்குள்ள நஞ்சு சிதைந்து, முடிவு குறைவாக வரும். அதிக அமிலத்தில் சூடாக்கினால் வீரியம் குறைந்த சில வடிவங்கள் வீரியம் மிக்கவையாக மாறி, முடிவு கூடுதலாக வரும். இப்போது பல ஆய்வகங்கள் ஒளிர்வு உணரியுள்ள திரவ நிறப்பகுப்பு முறைக்கு மாறிவிட்டன. உயிரைப் பலியிடாத, ஒவ்வொரு வடிவத்தையும் தனியே அளக்கும் முறை என்பதால் அந்த மாற்றம் வரவேற்கத் தக்கது.

ஒகடாயிக், அசாஸ்பிராசிட் போன்ற கொழுப்பில் கரையும் நஞ்சுகளுக்கு எல்சி-எம்எஸ்/எம்எஸ் முறை (திரவ நிறப்பகுப்போடு மூலக்கூறு நிறையையும் அளப்பது). 2 கிராம் விழுதை 9 மில்லிலிட்டர் மெத்தனாலில் இருமுறை பிரித்தெடுத்து, 20 மில்லிலிட்டராக ஆக்குவார்கள். இங்கே அடிக்கடி விடுபடுவது கார நீராற்பகுப்பு. சிப்பி தன் உடலுக்குள் ஒகடாயிக் நஞ்சைக் கொழுப்பமிலத்தோடு பிணைத்து வைத்திருக்கும். ஒரு மில்லிலிட்டர் சாற்றில் 125 மைக்ரோலிட்டர் 2.5 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்து 76 பாகையில் 40 நிமிடம் வைத்து, பிறகு அதே அளவு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் சமன்செய்தால்தான் பிணைந்தது விடுபட்டுக் கணக்கில் வரும். மனித வயிற்றில் அது எப்படியும் விடுபடத்தான் போகிறது. டோமோயிக் அமிலத்துக்கு 4 கிராம் விழுதும் 16 மில்லிலிட்டர் 50 விழுக்காடு மெத்தனாலும் போதும். 242 நானோமீட்டர் புற ஊதா ஒளியில் அளக்கலாம்.

கையடக்கச் சோதனைப் பட்டைகள் படகிலேயே பயன்படும். இவற்றின் எதிர்ப்புப் பொருள் நஞ்சின் எல்லா வடிவங்களையும் ஒரே வலுவோடு பிடிப்பதில்லை. பல பட்டைகள் சாக்ஸிடாக்ஸின் குடும்பத்து நியோசாக்ஸிடாக்ஸினைப் பலவீனமாகவே பிடிக்கும். பட்டை நஞ்சு உண்டு என்றால் அறுவடையை நிறுத்துங்கள். இல்லை என்றால், ஆய்வக முடிவு வரும்வரை காத்திருங்கள்.

படி 6: தடையும் திறப்பும்

வரம்பை எட்டியதும் நிறுத்துவது சட்டம். அதற்கு முன்பே, பாதி வரம்பைத் தாண்டி ஏறுமுகத்தில் இருக்கும்போதே நிறுத்துவது அறிவு. செவ்வாயன்று எடுத்த மாதிரி வெள்ளியன்று முடிவு தருகிறதென்றால் இடைப்பட்ட மூன்று நாளில் அறுத்தது ஏற்கெனவே சந்தையில் இருக்கும். முடிவு வரும்வரை சரக்கை அனுப்பாமல் பிடித்துவைப்பது செலவுதான். திரும்பப் பெறுவது அதைவிடப் பெருஞ்செலவு. ஒவ்வொரு மூட்டையிலும் நாள், இடம், கயிற்று எண் இருந்தால் திரும்பப் பெற வேண்டியது அந்த மூட்டைகளை மட்டுமே.

திறப்பதற்கு ஒரு நல்ல முடிவு போதாது. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி குறைந்தது 48 மணி நேர இடைவெளியில் எடுத்த இரண்டு தொடர் மாதிரிகள் வரம்புக்குக் கீழே இருக்கவேண்டும். நீரில் பாசி எண்ணிக்கை இறங்கியதைத் திறப்புக்குக் காரணமாக ஏற்கக்கூடாது. பாசி போன பிறகும் சதையில் நஞ்சு தங்கும்.

சிப்பியை வேறு விரிகுடாவுக்கு மாற்றி நஞ்சைக் கழிக்கவைக்கலாம் என்ற யோசனை அவ்வப்போது எழும். அலெக்ஸாண்ட்ரியம் உறங்கு செல்களாகச் சேற்றில் பல ஆண்டுகள் கிடந்து மறுபடி முளைக்கும் இனம். சிப்பியின் குடலிலும் ஓட்டுச் சேற்றிலும் அந்தச் செல்கள் பயணம் செய்யும். ஒரு பருவத்து நட்டத்தைத் தவிர்க்கப் போய்ச் சுத்தமான விரிகுடாவில் நிரந்தரமாக நஞ்சு விதைத்ததாகிவிடும்.

எவை பயன்படாது

வேகவைத்தாலும் பொரித்தாலும் உறையவைத்தாலும் இந்த நஞ்சுகள் அழிவதில்லை. வேகும்போது நீர் வற்றுவதால் கொழுப்பில் கரையும் நஞ்சு கிலோவுக்கு இன்னும் கூடித் தெரியும். சாக்ஸிடாக்ஸின் நீரில் கரைவதால் குழம்புக்கும் சூப்புக்கும் இறங்கும். 1987-இல் குவாத்தமாலாவின் சாம்பெரிகோவில் மட்டி சூப்பு குடித்து 187 பேர் நோயுற்று 26 பேர் இறந்தனர். நோயுற்ற சிறு குழந்தைகளில் பாதிப்பேர் பிழைக்கவில்லை.

பாக்டீரியா நீக்கும் புற ஊதாத் தொட்டியில் இரண்டு நாள் வைப்பது இந்த நஞ்சுகளை நீக்காது. வெள்ளிக் கரண்டி கறுக்கிறதா, நாற்றம் உண்டா, பூனை தின்றுவிட்டுப் பிழைத்ததா என்பவையும் எதையும் காட்டா. நஞ்சேறிய சிப்பி உயிரோடு, கொழுத்து, சுவையாகவே இருக்கும்.

நஞ்சு தாக்கினால்

உதடு, நாக்கு, விரல் நுனிகளில் மரத்துப்போதல் உண்ட சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் தொடங்கினால் சாக்ஸிடாக்ஸின் என்றே கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பாதிக்கப்பட்டவர் வண்டி ஓட்டக்கூடாது. மாற்று மருந்து கிடையாது. செயற்கைச் சுவாசம் உண்டு, அது உயிரைக் காப்பாற்றும். மரத்துப்போதல் மட்டும்தானே என்று வீட்டில் படுக்கவைப்பது ஆபத்து. மூச்சுத் தசைகள் பின்னர் செயலிழக்கலாம். வாந்தியை வலிந்து வரவழைக்க வேண்டாம், விழுங்கும் திறன் குறைந்திருக்கும்போது அது நுரையீரலுக்குள் போகும். மூச்சு நின்றுவிட்டால் உதவி வரும்வரை வாயோடு வாய்வைத்துச் சுவாசம் கொடுத்துக்கொண்டே இருங்கள். அசைவற்றுக் கிடப்பவர் முழு நினைவோடு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கலாம். பெயர் சொல்லிப் பேசுங்கள், என்ன செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள். முதல் 24 மணி நேரம் தாண்டியவர் பெரும்பாலும் முழுதாகத் தேறுவார்.

உண்ட சில மணி நேரத்தில் வயிற்றுப்போக்கும் வாந்தியும் மட்டும் இருந்தால் ஒகடாயிக் அல்லது அசாஸ்பிராசிட் ஆக இருக்கலாம். நீரிழப்பைத் தடுத்தால் இரண்டு மூன்று நாளில் அடங்கும். வாந்திக்குப் பிறகு குழப்பம், மறதி, வலிப்பு என்றால் டோமோயிக் அமிலம். 48 மணி நேரம் வரை கழித்தும் தொடங்கக்கூடும், முதியவர்களையும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களையும் கடுமையாகப் பாதிக்கும். சூடு குளிராகவும் குளிர் சூடாகவும் உறைத்தால் பிரெவிடாக்ஸினை நினையுங்கள்.

மீந்த சிப்பி, ஓடு, சாறு எதையும் கொட்டிவிடாமல் மூடிக் குளிரில் வையுங்கள். நோயாளியின் சிறுநீர் மாதிரியை எவ்வளவு முன்னதாக எடுக்க முடியுமோ அவ்வளவு நல்லது. எங்கே, எந்த நாளில் அறுத்த சிப்பி என்பதை மருத்துவரிடமும் மீன்வளத்துறையிடமும் அன்றே சொல்லிவிடுங்கள். அதே மூட்டைச் சிப்பி அந்த நேரத்தில் இன்னொரு வீட்டு அடுப்பில் வெந்துகொண்டிருக்கலாம்.